செவ்வாய் வெள்ளி வராத படம்

பாத்து வாங்க மேஸ்திரி, மேல் படி பேந்து கிடக்கு. அதையும் நீங்கதான் பூசித் தரணும், ஆனா அது பிறகு. முதல்ல சுவரு. இந்தா, இந்த மொட்டை மாடியைத்தான் ரெண்டாப் பிரிக்கணும். தெருப்பக்கத்துக் கைப்பிடிச் சுவர்ல ஆரம்பிச்சு நேரா வந்து பின்பக்கம் முடிஞ்சிரணும். அந்தப் பக்கம் தண்ணித் தொட்டியும் துணிக்கொடியும், அது அவளுக்கு. இந்தப் பக்கம் எனக்கு. டிஷ் என் பக்கம் இருக்கு பாருங்க, அதுல கை வைக்காதீங்க, தூசி தட்டக்கூடக் கை வைக்காதீங்க. உயரம் எம்புட்டுன்னு கேக்குறீங்களா? ஆள் உயரத்துக்கு மேல. அவ நின்னு பாத்தா இந்தப் பக்கம் தெரியக்கூடாது. எக்கிப் பாத்தாலும் தெரியக்கூடாது.

அவன்னா யாருன்னு முழிக்கிறீங்க. நீங்க உள்ள வரும்போது பச்சைச் சேலை கட்டிக்கிட்டு ஒருத்தி வெளிய போனாளே, கையில சாப்பாட்டுக் கூடையோட? அவதான். தமயந்தி. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. ஜவுளிக்கடையில வேலை, சாயங்காலம்தான் வருவா. மாமனார் கட்டின வீடு இது. கீழ நடுவுல ஒரு சுவரு, அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. நாங்கன்னா இப்ப நான் மட்டும்தான். எங்க வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது. மகன் திருப்பூர்ல இருக்கான், தீபாவளிக்கு வருவான், போவான்.

கீழ சத்தம் கேக்குதா? டிவிதான். நான்தான் கூட்டி வெச்சிருக்கேன், மேல வந்தாலும் என் காதுல விழணும். நீங்க அந்தச் செங்கல்லு மேல உக்காருங்களேன். நான் உக்கார மாட்டேன். என்னால முடியாது, அவரு போனதுல இருந்தே அப்படித்தான். அடுப்படிக்குப் போவேன், எதுக்கு வந்தோம்னு தெரியாது, வாசலுக்கு வருவேன், திரும்ப அடுப்படி. வீட்டுல ஒரு குரல் இல்லை மேஸ்திரி. அவரு ஒண்ணும் பெரிசாப் பேசுற ஆள் இல்லை. ஆனாலும் இருமுவாரு, செருமுவாரு, பேப்பரைச் சத்தம் போட்டு வாசிப்பாரு. எல்லாம் நின்னுபோச்சு. கேபிள்காரனும் ஊரை விட்டுப் போயிட்டான், வயரு மட்டும் தெருவுல தொங்குது. செய்தி வாசிக்கிறவன் குரலாவது வீட்டுக்குள்ள கேக்கட்டுமேன்னுதான் இந்த டிஷ்ஷை வாங்குனேன். மாசாமாசம் கட்ட வேண்டாத டிஷ்ஷு.

வாங்குறது லேசு. மாட்டுறதுதான் பாடு. கடைக்காரர் ஆள் அனுப்புறேன், ஆள் அனுப்புறேன்னாரு. நாளைக்குன்னாரு, நாளன்னிக்குன்னாரு. அட்டைப்பெட்டி கூடத்துல கிடக்கு, எனக்கு இருப்புக் கொள்ளலை. என்னத்த, நாலு போல்ட்டு, ஒரு கம்பம், ஒரு தட்டு. நானே மாட்டுறேன்னு இறங்கிட்டேன். சிரிக்காதீங்க. திருப்புளியைப் பிடிக்கிற பக்கம் எதுன்னு தெரியாதவதான் நான். தமயந்திதான் போன்ல எதை எதையோ தேடி எடுத்து, ஓடவிட்டு, நிறுத்தி, எனக்குக் காட்டுனா. ஆமா, அவதான். நல்லதை ஏன் மறைக்கணும்? செஞ்சதைச் செஞ்சான்னு சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொல்லுவேன்.

கம்பம் நெட்டுக்குத்தா நிக்கணுமாம். கொஞ்சம் சாய்ஞ்சாலும் மேல எல்லாமே தப்பாப் போகுமாம். உங்க தொழில் மாதிரிதான். தூக்குக்குண்டுக்கு எங்க போறது? சாவிக்கொத்தைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டா அவ. நான் கம்பத்தைப் பிடிச்சேன். அப்புறம் வயரு. அந்தக் கறுப்பு வயரைச் சீவுனா உள்ள ஒரு செம்புக் கம்பி, அதைச் சுத்தி முடி முடியா வெள்ளைக் கம்பி. அந்த வெள்ளை முடி ஒண்ணுகூடச் செம்பைத் தொட்டிரக்கூடாது. எனக்கு எங்க பொறுமை? மூணு தடவை சீவி, மூணு தடவை தப்பாச் சீவி, வயரே முழம் குறைஞ்சுபோச்சு. கடைசியில கத்தியைப் பிடுங்கி அவதான் சீவுனா. "அக்கா, நீங்க தள்ளிப் போங்க, உங்களுக்குக் கை நிக்காது"ன்னா. உண்மைதான், நிக்காது.

அடுத்தது திருப்புறது. ஆகாசத்துல எங்கயோ ஒண்ணு நிக்குது, கண்ணுக்குத் தெரியாது, அதைப் பாத்து இது நிக்கணும். நான் என்ன பண்ணேன், எதிர்வீட்டு டிஷ்ஷு எந்தப் பக்கம் பாக்குதோ அதே பக்கம் திருப்பி வெச்சேன். ஊருக்கெல்லாம் ஒரே ஆகாசந்தானன்னு நினைச்சேன். டிஷ்ஷோட வந்த பெட்டியில சிக்னல் கோடு ஏறுது, ஆனா ஒரு சேனல் இல்லை. பிறகு பாத்தா எதிர்வீட்டுக்காரங்களோடது வேற கம்பெனி, வேற இடத்தைப் பாக்கும். நம்மளோடது கிழக்கும் தெக்கும் சேர்ற மூலை. அதோ, அந்த வேப்பமரத்துக்கு மேல. 

சரின்னு திருப்புறேன். டிவி கீழ, டிஷ்ஷு மேல. தமயந்தி கீழ டிவி முன்னால நின்னுக்கிட்டா. நான் மேல இருந்து "வருதா?"ன்னு கத்துவேன், அவ "இல்லைக்கா"ன்னு கத்துவா. திருப்புவேன். "வருதா?" "இல்லைக்கா." மத்தியானத்துல இருந்து இதே கூத்து. தெருவே வாசலுக்கு வந்து பாக்குது. நான் சட்டு சட்டுன்னு திருப்புறேன், அது எப்படி வரும்? ஒரு நூல் அளவு திருப்பிட்டு, கையை எடுத்துட்டு, சும்மா நிக்கணுமாம், பெட்டி யோசிச்சுப் பாத்துத்தான் படம் தருமாம். அவ படியேறி வந்தா. என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கீழ இறக்கிவிட்டா. "அக்கா, ஒரே ஒரு நூலு. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் நில்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. நின்னேன். இன்னொரு நூலு. நின்னேன். திடீர்னு கீழ இருந்து ஒரு அலறல். அக்காஆஆன்னு. பாம்பு கீம்பு வந்திருச்சோன்னு நான் விழுந்தடிச்சு இறங்கி ஓடுறேன், படம் நிக்குது மேஸ்திரி! கலர்ல! வெள்ளாட்டுக்கு வர்ற வாய்ப்புண்ணு பத்தி ஒரு டாக்டர் பேசிக்கிட்டிருக்காரு. எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு ஆட்டுக்குட்டி கிடையாது. இருந்தாலும் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து கடைசி வரைக்கும் பாத்தோம். அன்னிக்குத்தான் அவரு போன பிறகு நான் ஒரு இடத்துல உக்காந்தது.

அன்னிக்கே பொட்டும் வெச்சோம். புதுச் சாமான் வந்தா வைக்காம இருப்பாங்களா? நான்தான் அவளை வைக்கச் சொன்னேன். சுமங்கலி கையால இருக்கட்டுமேன்னு. அவ தட்டோட விளிம்புல கடுகளவு குங்குமம் வெச்சா. அம்புட்டுத்தான்.

எனக்கு அது ஆறலை. என் டிஷ்ஷு, என் கையால நிறுத்துனது. ஒரு கடுகளவு போதுமா? அதுவும் விளிம்புலயா வைக்கிறது? பொட்டுன்னா மூஞ்சியிலதான வைக்கணும், முதுகுலயும் காதுலயுமா வைப்பாங்க? இதுக்கு மூஞ்சி எதுன்னா, இந்தா பாருங்க, தட்டுக்கு முன்னால கம்பி நீண்டு வந்து நுனியில வெள்ளையா உருண்டையா ஒண்ணு தட்டையே பாத்துக்கிட்டிருக்கா? இதுதான். ஆகாசத்துல இருந்து வர்றதைத் தட்டு வாங்கி இதுகிட்டதான் கொடுக்குமாம், இது இல்லைன்னா தட்டு வெறும் தட்டுதானாம். கடைக்காரர் சொன்னாரு. அப்ப உசுரே இதுலதான இருக்கு? அதனால செவ்வாய் வெள்ளி விடியக்காலையில நானே மேல வந்து, இதை நல்லாத் துடைச்சு, சந்தனமும் மஞ்சளும் குழைச்சு மூஞ்சி நிறையக் குளிரக் குளிர அப்பி, நடுவுல குங்குமம் வெச்சுருவேன். விடியுறதுக்குள்ள செஞ்சுட்டு இறங்கிருவேன். ஏன்னா தெருவுல நாலு கண்ணு இருக்கு. இவ நெத்தியிலயே இல்லை, பிறகு இவ கையால பொட்டு எதுக்குன்னு கேக்குற கண்ணு.

ஒண்ணு சொல்றேன் மேஸ்திரி. அவரைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு, என் நெத்தியில இருந்ததை அழிக்கணும்னு சொந்தக்காரப் பொம்பளைங்க வந்தாங்க. இந்தத் தமயந்திதான் குறுக்க கையை நீட்டி மறிச்சா. "அக்கா நெத்தியில யாரும் கை வைக்கக்கூடாது"ன்னு கத்துனா. அவளை ரெண்டு பேரு இழுத்து ஓரமா நிறுத்தித்தான் அழிச்சாங்க. நான் அன்னிக்கு நினைச்சேன், கூடப் பிறந்தவ இருந்தாக்கூட இப்படி நின்னிருக்க மாட்டான்னு. அதனாலதான் பிறகு அவ சொன்ன வார்த்தை என்னால தாங்க முடியலை.

வர்றேன், வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

படம் நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்துச்சு. பிறகு பாத்தா சில நாள் காலையில இல்லை. சிக்னல் இல்லைன்னு நீலமா ஒரு கட்டம் வந்து நிக்கும். நானும் மழை மேகமோன்னு பாப்பேன். மழை பெஞ்சா போகும், அது எல்லார் வீட்டுலயும்தான் போகும், தண்ணி நடுவுல வந்தா சிக்னலால தாண்ட முடியாதாம். ஆனா இது பளிச்சுன்னு வெயில் அடிக்கும்போது போகுது. மத்தியானம் வெயில் ஏறுனா தானா வந்திருது. என்னைக்குப் போகுதுன்னு கவனிச்சேன். செவ்வாய், வெள்ளி. அது ரெண்டும்தான். செவ்வாய் வெள்ளியில என்ன? தமயந்தி தலைக்குக் குளிச்சுட்டு முடி காயவைக்க மாடிக்கு வர்ற நாளு! வந்து இங்கனதான் நிப்பா, டிஷ்ஷுக்குப் பக்கத்துல, கிழக்க பாத்துக்கிட்டு.

பொறி தட்டுச்சு எனக்கு. போறபோக்குல ஒரு நூல் திருப்பிவிட்டுட்டுப் போறாளோ? அவளுக்குத்தான் தெரியுமே ஒரு நூல்ல எல்லாம் போகும்னு! ஏன்னு கேக்குறீங்களா? பொறாமைதான். அவ வீட்டுல டிவி கிடையாது, பழுதாகிக் கிடக்கு. தினமும் சாயங்காலம் என் வீட்டுக்குத்தான் பாக்க வருவா. வந்தா வெறுங்கையோட வர மாட்டா, கடையில மிஞ்சுன துண்டுத் துணி, ரெண்டு முழம் பூ, ஏதாவது இருக்கும். இருந்தாலும் அடுத்தவ வீட்டுல உக்காந்து பாக்குறது உறுத்தாதா? உறுத்தும். எனக்கா இருந்தா உறுத்தும்.

கையும் களவுமாப் பிடிக்கணும்ல? கம்பத்துலயும் தட்டோட பிடியிலயும் சேத்து சாக்பீஸால ஒரு கோடு இழுத்து வெச்சேன். திருப்புனா கோடு விலகிரும். வெள்ளிக்கிழமை படம் போச்சு. ஓடிவந்து பாக்குறேன், கோடு அப்படியே நிக்குது. மயிரிழை நகரலை. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. கையால செய்யலை, கண்ணால செய்யுறா. கோடு நகரலை, படம் போகுதுன்னா வேற என்ன சொல்லுவீங்க? கண்ணுதான். அதுக்கு என்ன மருந்து? பூசணிக்காய் சுத்தி உடைச்சேன். எலுமிச்சம்பழம் கட்டுனேன். பொட்டை இன்னும் கனமா அப்புனேன். அன்னிக்குன்னு பாத்து பொழுது சாயுற வரைக்கும் படம் வரலை. கண்ணோட உக்கிரம் அப்படி.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் எந்திரிக்க நேரமாயிருச்சு. விடிஞ்சுபோச்சு. கிண்ணத்தோட மேல வந்து அப்பிக்கிட்டிருக்கேன், அவ ஈரத் தலையோட படியேறி வந்துட்டா. என்னையும் கிண்ணத்தையும் பாத்தா. டிஷ்ஷோட மூஞ்சியைப் பாத்தா. பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? "அக்கா, அதுக்குப் பொட்டு வைக்காதீங்க. வெச்சா..."ன்னு இழுத்தா.

முடிக்க விடுவேனா? வைக்காதீங்கன்னு சொல்லிட்டா மேஸ்திரி. என்னைப் பாத்து. எவ குறுக்க கை நீட்டி மறிச்சாளோ அவ! எனக்கு உடம்பெல்லாம் பத்தி எரிஞ்சுச்சு. "நான் வெச்சா என்னடி ஆகும்? முண்டச்சி கைபட்டா உன் கண்ணுக்கு ஆகாதா?"ன்னேன். "ஐயோ அக்கா, அது இல்லைக்கா"ன்னா. நான் நிறுத்தலை. படியில இறங்கிக்கிட்டே கத்துறேன், வாசல்ல நின்னு கத்துறேன். தெருவே கூடிருச்சு. அவ பின்னாலயே வந்து "அக்கா, ஒரு நிமிஷம் கேளுங்க"ங்கிறா. அப்பத்தான் ஒரு வார்த்தை சொன்னேன். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், வயித்துல ஒண்ணும் தங்கலை. பிள்ளை இல்லாதவளைப் பாத்து எந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதோ அதைச் சொன்னேன். அத்தனை பேரு முன்னால.

அவ திரும்பி நடந்தா. உள்ள போயிட்டா. 

அதை நான் தப்புன்னு நினைக்கலை. அவ என் நெத்தியைச் சொன்னா, நான் அவ வயித்தைச் சொன்னேன். சரிக்குச் சரி. அவ ஆரம்பிச்சா, நான் முடிச்சேன். நீங்களே சொல்லுங்க, யாரு முதல்ல? ரெண்டு நாள் கழிச்சு கொழுந்தன் குருசாமி வந்தாரு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. "அண்ணி, அவ என்ன சொல்ல வந்தான்னா, அந்த டிஷ்ஷுல..."ன்னு ஆரம்பிச்சாரு. "உங்க பொண்டாட்டி பேச்சை இந்த வாசல்ல எடுக்காதீங்க"ன்னுட்டேன். அவரும் நல்ல மனுசன், அண்ணி சொன்னாச் சரின்னு போயிட்டாரு. சுவர் எழுப்பப்போறேன்னு சொல்லிவிட்டதுக்கும் சரின்னுட்டாரு. படி என் பக்கம் வருதே, நாங்க மேல ஏற என்ன செய்யன்னுகூடக் கேக்கலை. ஏணி வெச்சு ஏறட்டும்.

டிவி முன்னால இப்ப நான் மட்டும்தான். ஓடிக்கிட்டே இருக்கும், நான் நடந்துக்கிட்டே இருப்பேன். 

இருங்க, பேச்சுவாக்குல மறந்துட்டேன் பாருங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நீங்க வர்றீங்கன்னு விடியக்காலையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டிருந்ததுல பொட்டு வைக்காமக் கிடக்கு. நீங்க நம்ம ஆளுதான், நீங்க பாத்தா ஒண்ணும் இல்லை. கிண்ணத்தைக் குழைச்சு இங்கனதான் வெச்சிருந்தேன். அந்தா. நீங்க பாட்டுக்கு அளவெடுங்க, நான் என் பாட்டுக்குச் செய்றேன். மூஞ்சி நிறைய வைக்கணும், இப்படி. தெரிய வைக்கணும். குங்குமம் நடுவுல. எப்படி இருக்கு? களையா இல்லை?

கேட்டீங்களா? 

நின்னுருச்சு! கீழ சத்தம் நின்னுருச்சு! இந்நேரம் வரைக்கும் செய்தி வாசிக்கிறவன் கணீர்னு பேசிக்கிட்டிருந்தான்ல? நீங்களே சாட்சி மேஸ்திரி. நான் சொன்னா வாய் வார்த்தைன்னு நினைப்பீங்க, இப்ப உங்க காதால கேட்டுட்டீங்க. இதுக்குத்தான் சுவரு வேணும்ங்கிறேன்.

என்ன? அவ வீட்டுலயே இல்லையேவா?

ஆமா, இல்லைதான். நீங்க வரும்போதே போயிட்டாதான். அதுக்கென்ன. போகும்போது பாத்துட்டுப் போயிருப்பா. 

என்ன அதையே உத்துப் பாக்குறீங்க? ஈரமா இருக்குன்னா? சந்தனம் குழைச்சா ஈரமாத்தான இருக்கும். மழைத் தண்ணி நடுவுல வந்தாத் தாண்டாதுன்னு நான்தான் சொன்னேன், ஆமா, சொன்னேன். அதுக்கு? இதுவும் ஈரம்தானன்னு சொல்றீங்களா? வெயில்ல காய்ஞ்சதும் வந்திருதுன்னா... போங்க மேஸ்திரி. நீங்க சுவர் வைக்கிற ஆளு, உங்களுக்கும் இதைப் பத்தித் தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. சும்மா தோணுச்சுங்கிறீங்க. தோணுறதையெல்லாம் சொல்லிரலாமா?

துடைச்சுப் பாக்கவா? எதை?

கையைக் கீழ இறக்குங்க. துணியை உள்ள வைங்க. வெள்ளிக்கிழமை அதுவுமா பொட்டை அழிக்கிறதா? இந்த வீட்டுல ஒருதரம் அழிச்சது போதும். வெச்ச பொட்டை நான் அழிக்க மாட்டேன், அழிக்கவும் விட மாட்டேன்.

ஏன் நூலைச் சுருட்டுறீங்க? உங்களைக் கோவிச்சுக்கலை. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. 

சரி, நீங்க சொல்றபடியே வெச்சுக்குவோம். ஒரு பேச்சுக்கு. ஈரம்தான் மறைக்குதுன்னே வெச்சுக்குவோம். அப்ப அன்னிக்கு அவ வைக்காதீங்கன்னு சொன்னது எனக்கு இல்லை, டிஷ்ஷுக்கு. போன்ல பாத்திருப்பா, தெரிஞ்சிருக்கும், சொல்ல வந்திருக்கா. வெச்சா படம் போயிரும் அக்கான்னு சொல்ல வந்திருக்கா. அம்புட்டுத்தான். அப்படின்னா அவ என்னை ஒண்ணுமே சொல்லலை. அப்படின்னா அந்தத் தெருவுல, அத்தனை பேரு முன்னால நான் சொன்ன வார்த்தை இருக்கே, அதை நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?

வேண்டாம் மேஸ்திரி. அது அப்படி இருக்க வேண்டாம். சாயங்காலம் அவ வர்றதுக்குள்ள ஒரு வரிசையாவது ஏறியிருக்கணும். நூலைப் பிடிங்க.